ஸ்பீடு இருக்கு, குரல் ஏன் உடையுது? ஜிட்டர் பற்றிக் கேள்வி பதில்

கேள்வி: 100 எம்பிபிஎஸ் லைன் வெச்சிருக்கேன். ஆனா நெட் கால்ல குரல் ரோபோ மாதிரி உடையுது. எப்படி சார்?

பதில்: குரலுக்கு வேகம் அவ்வளவு தேவையில்லை. பழைய ஜி.711 கோடெக்கே (கோடெக் என்றால் குரலை டிஜிட்டலாக்கி, மறுபடி ஒலியாக்கும் முறை) எல்லாம் சேர்த்து 80 கேபிபிஎஸ் அளவில்தான் எடுக்கும். வேண்டியது சீரான வருகை. உங்கள் பேச்சு பெரும்பாலும் 20 மில்லிநொடித் துண்டுகளாகி, நொடிக்கு 50 பாக்கெட்டாகக் கிளம்புகிறது. கிளம்பும்போது ஒரே இடைவெளி. போய்ச் சேரும்போது ஒன்றுக்கு 40 மில்லிநொடி ஆகும், அடுத்ததற்கு 42, அதற்கடுத்ததற்கு 95. இந்த ஏற்ற இறக்கம்தான் ஜிட்டர்.

கேள்வி: லேட்டானாலும் வந்து சேர்ந்துடுதே, அப்புறம் ஏன் சத்தம் விடுபடுது?

பதில்: அது ஒலிக்க வேண்டிய நேரம் கடந்துவிட்டதே! எதிர்முனையில் ஜிட்டர் பஃபர் என்று ஒன்று, பாக்கெட்டுகளைக் கொஞ்ச நேரம் நிறுத்திவைத்து வரிசையாக ஒலிக்க விடும். அந்த அவகாசத்துக்குள் வராத பாக்கெட் தொலைந்த பாக்கெட்டுக்குச் சமம். விடுபட்ட இடத்தைக் கோடெக் முந்தைய ஒலியை வைத்து ஒப்பேற்றும். ஒன்றிரண்டு துண்டு என்றால் காதுக்குத் தெரியாது. தொடர்ந்து போனால்தான் ரோபோ குரல்.

கேள்வி: அப்போ பஃபரைப் பெருசா வெச்சுட்டா போச்சு?

பதில்: அங்கேதான் சிக்கல். நிறுத்திவைக்கும் நேரமும் தாமதத்தில்தான் சேரும். சர்வதேசத் தொலைத்தொடர்பு அமைப்பான ஐடியூவின் ஜி.114 பரிந்துரைப்படி ஒருவழித் தாமதம் 150 மில்லிநொடிக்குள் இருந்தால் பேச்சு இயல்பாக இருக்கும். மிகவும் கூடினால் இருவரும் ஒரே நேரத்தில் பேசத் தொடங்கி, இருவரும் நிறுத்தி, மறுபடி மோதிக்கொள்வார்கள். என்னைக் கேட்டால், நிலைமைக்கேற்பத் தானே கூடிக் குறையும் அடாப்டிவ் பஃபரையே வையுங்கள்.

கேள்வி: வீட்டில் யாராவது வீடியோ அப்லோடு பண்ணும்போது மட்டும் இந்தத் தொல்லை வருது.

பதில்: நான் பார்த்ததில் அதிகம் இதுதான். 2 எம்பிபிஎஸ் அப்லோடு லைனில் மோடத்துக்குள் 250 கிலோபைட் வரிசைகட்டி நின்றால், அது கரைய ஒரு முழு நொடி ஆகும். உங்கள் குரல் அதன் பின்னால் நிற்கிறது. பஃபர்புளோட் என்பது இதைத்தான். ரூட்டரில் எஸ்க்யூஎம் என்ற, வரிசையைக் கட்டுக்குள் வைக்கும் வசதி இருந்தால் போட்டுவிட்டு, அப்லோடு வரம்பை உண்மையான வேகத்தில் 90 சதவீதம் அளவுக்கு வையுங்கள். வரிசை மோடத்தில் சேராமல் ரூட்டரிலேயே நிற்கும். அங்கே எஃப்க்யூ-கோடெல் போன்ற வரிசை முறை குரல் பாக்கெட்டைச் சீக்கிரம் வெளியே விட்டுவிடும். இன்னும் வேகமான பிளானுக்குப் பணம் கட்டும் முன் தயவுசெய்து இதைச் செய்து பாருங்கள்.

கேள்வி: வைஃபையா, லைனான்னு எப்படிக் கண்டுபிடிப்பது?

பதில்: முதலில் உங்கள் ரூட்டருக்கே பிங் அடியுங்கள், அதாவது ஒரு சின்ன பாக்கெட் போய்த் திரும்ப எத்தனை மில்லிநொடி ஆகிறது என்று பாருங்கள். அங்கேயே எண்கள் குதித்தால் வைஃபைதான். கேபிளில் செருகிப் பேசுங்கள்.

கேள்வி: கால் ரிப்போர்ட்டில் ஜிட்டர் 12 மில்லிநொடிதான் காட்டுது. ஆனா குரல் அப்பப்போ வெட்டுது, ஏன்?

பதில்: நெட்டில் குரலை அனுப்பும் ஆர்டிபி என்ற நெறிமுறையில் (அதன் விதி ஆவணம் ஆர்எஃப்சி 3550) ஜிட்டர் என்பது வழவழப்பாக்கிய கணக்கு. ஒவ்வொரு புதிய வித்தியாசத்திலும் பதினாறில் ஒரு பங்குதான் சேரும். அமைதியான லைனில் ஒரு பாக்கெட் திடீரென 160 மில்லிநொடி பிந்தினாலும் எண் அப்போது 10 அளவில்தான் ஏறும். ஆனால் 60 மில்லிநொடி பஃபர் அதைத் தூக்கிப் போட்டிருக்கும். பிந்தி வந்ததால் கைவிட்ட பாக்கெட்டுகளின் எண்ணிக்கை அதே ரிப்போர்ட்டில் இருந்தால் அதைப் பாருங்கள்.