லாபத்தை எப்படிக் கேட்பது?

கேள்வி: கென்யாவின் நைரோபியில், கிகொம்பா சந்தையில் பழைய துணி விற்பவர்களை வைத்து முனைவர் பட்ட ஆய்வு செய்யப்போகிறேன். 30 பேருக்குத் தொழில் பயிற்சி கொடுத்து, ஆறு மாதம் கழித்து, பயிற்சிக்கு வராத 30 பேரின் லாபத்தோடு ஒப்பிடத் திட்டம். யாரிடமும் கணக்கு நோட்டு இல்லை. வரவு செலவை வரி வரியாகக் கேட்டு லாபத்தைக் கணக்கிடலாமா?

பதில்: வேண்டாம். 'மிட்டும்பா' (பழைய துணி) வியாபாரி இந்த மாதம் எடுத்த மூட்டையை அடுத்த மாதம்கூட விற்றுக்கொண்டிருப்பார். இந்த மாத விற்பனையில் இந்த மாதக் கொள்முதலைக் கழித்தால், நன்றாக ஓடும் கடையும் நஷ்டத்தில் நிற்கும். இலங்கைச் சிறுதொழில்களில் டி மெல், மெக்கென்சி, உட்ரஃப் என்ற பொருளியலாளர்கள் மூவரும் இதைச் சோதித்து 2009இல் வெளியிட்டார்கள். விற்பனையை உரிமையாளர்கள் சுமார் 30 சதவீதம் குறைத்துச் சொன்னார்கள். லாபத்தை நேரடியாக ஒரே கேள்வியாகக் கேட்டதே துல்லியமாக வந்தது.

சுவாஹிலியில் 'ஃபாயிடா' (லாபம்) என்றே கேளுங்கள்: "போன மாதம் சரக்கு, வாடகை, ஆள்கூலி போக எவ்வளவு நின்றது? உங்களுக்கென்று எடுத்ததைக் கழிக்க வேண்டாம்." இந்தக் கடைசி வரியை விட்டால், வீட்டுக்கு வாங்கிய மாவும் பள்ளிக் கட்டணமும் கடைச் செலவாகிவிடும். கைபேசி வழிப் பணப் பரிமாற்றமான எம்-பெசாவின் பட்டியலை வைத்துச் சரிபார்க்கலாமே என்று தோன்றும். வீட்டுப் பணமும் கடைப் பணமும் ஒரே எண்ணில் ஓடினால் அதுவும் கைகொடுக்காது.

கேள்வியைவிடப் பெரிய சிக்கல், அந்த 30. சிறு கடைகளின் லாபம் ஆளுக்கு ஆள் மலைக்கும் மடுவுக்குமாக இருக்கும். திட்டவிலக்கம் (லாபங்கள் சராசரியிலிருந்து சிதறும் அளவு) சராசரிக்குச் சமம் என்று தாராளமாக வைத்தாலும், 25 சதவீத உயர்வை 80 சதவீத வாய்ப்போடு கண்டுபிடிக்கக் குழுவுக்கு 250 பேர் தேவை. டோகோவின் லோமே நகரில் 1,500 சிறுதொழில்களை மூன்றாகப் பிரித்து நடத்திய ஆய்வு 2017இல் வெளியானது. சொந்த முனைப்பை வளர்க்கும் பயிற்சி லாபத்தை 30 சதவீதம் உயர்த்தியது. வழக்கமான வணிகப் பயிற்சியில் தெரிந்த 11 சதவீதமோ, குழுவுக்கு 500 பேர் இருந்தும், தற்செயலா என்று பிரித்துச் சொல்ல முடியாத அளவில் நின்றது.

அத்தனை பேரைத் திரட்ட வசதியில்லையா? பயிற்சிக்குப் பின் மாதம் ஒருமுறையாக ஐந்து தடவை லாபத்தைக் கேட்டுச் சராசரி எடுங்கள். ஒருவரின் ஒரு மாத லாபம் இன்னொரு மாத லாபத்தோடு ஒத்துப்போகும் அளவு, அதாவது ஒட்டுறவு, 0.3 அளவில் இருந்தால், குழுவுக்கு 110 பேர் போதும்.

விரும்பி வந்தவரை வராதவரோடு ஒப்பிடவே கூடாது, துடிப்பானவர்தான் வந்திருப்பார். பெயர் கொடுத்த எல்லாரையும் குலுக்கல் முறையில் பிரியுங்கள். அடிக்கடி தீப்பிடிக்கும் சந்தை அது. இடம் மாறியவரைத் தேட, ஆளுக்கு இரண்டு உறவினர் எண்களை முதல் நாளே வாங்கிவையுங்கள். மூடிய கடையைப் பட்டியலிலிருந்து நீக்காமல், லாபம் பூஜ்யம் என்று எழுதுங்கள்.

நெறிமுறைக் குழுவின் ஒப்புதலும் கென்ய அரசின் அறிவியல் ஆணையமான நாகோஸ்டியின் ஆய்வு உரிமமும் கைக்கு வந்த பிறகே விமானச் சீட்டு எடுங்கள்.