குழந்தைகளின் முழங்கை முறிவு: கட்டு போதுமா, கம்பி வேண்டுமா?

கேள்வி: ஊஞ்சலிலிருந்து விழுந்த என் ஆறு வயது மகளுக்கு முழங்கைக்குச் சற்று மேலே எலும்பு முறிந்து விலகியிருக்கிறது. கம்பி செலுத்த வேண்டும் என்கிறார்கள். மாவுக்கட்டு போதாதா?

பதில்: கையை நீட்டி ஊன்றி விழும் 5 முதல் 7 வயதுக் குழந்தைகளிடம் மிகுதியாகக் காணப்படும் முறிவு இது. 1959-இல் எலும்பு மருத்துவர் கார்ட்லேண்ட் வகுத்த மூன்று நிலைகளே இன்றும் எங்களுக்கு வழிகாட்டி. எலும்பு விலகாத முதல் நிலைக்கு ஏறத்தாழ மூன்று வாரக் கட்டு போதும். பின்புறம் ஒட்டியிருக்க முன்புறம் மட்டும் பிளந்த இரண்டாம் நிலையில் பலருக்கும், முற்றிலும் விலகிய மூன்றாம் நிலையில் ஏறக்குறைய எல்லோருக்கும் கம்பி தேவைப்படும். விலகிய எலும்பைக் கட்டால் மட்டும் நிறுத்தி வைக்க முழங்கையை 90 பாகைக்கு மேல் மடக்க வேண்டும்; வீங்கிய கையை அப்படி மடக்கினால் இரத்தக் குழாய் நசுங்கும்.

பெரும்பாலும் கையைக் கீறித் திறக்க வேண்டியதில்லை. மயக்க மருந்து கொடுத்து, சி-ஆர்ம் எக்ஸ்ரே திரையைப் பார்த்தபடி எலும்பை இழுத்துப் பொருத்தி, தோல் வழியாக கே-வயர் எனப்படும் மெல்லிய கம்பிகள் இரண்டு அல்லது மூன்றைச் செலுத்துவோம். முடிந்தவரை எல்லாவற்றையும் வெளிப்பக்கத்திலிருந்தே செலுத்துவது என் வழக்கம். உட்பக்கக் கம்பி சற்றுக் கூடுதல் உறுதி தருமென்றாலும், சுண்டுவிரலுக்குச் செல்லும் அல்நார் நரம்பு அங்கே எலும்பை ஒட்டியே ஓடுகிறது. 3–4 வாரங்களில் புறநோயாளிப் பிரிவிலேயே கம்பிகளை உருவிவிடலாம்.

கேள்வி: இரவில் அடிபட்டால் விடியும் வரை காத்திருக்கலாமா?

பதில்: அதை மருத்துவர்தான் முடிவு செய்ய வேண்டும், எனவே இரவிலேயே காட்டிவிடுங்கள். நாடி நன்றாகத் துடித்து, விரல்கள் சூடாகவும் சிவப்பாகவும் அசைந்துகொண்டும் இருந்தால் அறுவை சிகிச்சையைக் காலைக்குத் தள்ளிவைக்கலாம். கை வெளுத்துக் குளிர்ந்திருந்தால் ஒரு மணி நேரம்கூட வீணாகக் கூடாது. வலி மருந்து கொடுத்தும் வலி ஏறிக்கொண்டே போவதும், விரலை நிமிர்த்தினாலே குழந்தை அலறுவதும் தசைக்குள் அழுத்தம் கூடுவதன் அடையாளங்கள். அந்நிலையில் இறுகப் போட்ட நாட்டுக் கட்டு, இரத்த ஓட்டமின்றித் தசைகள் சுருங்கி விரல்கள் மடங்கிப்போகும், மீட்க முடியாத ஃபோக்மன் சுருக்கத்தில் கொண்டுபோய் விட்டுவிடும்.

கேள்வி: மகனுக்கு முழங்கையின் வெளிப்பக்கக் குமிழில் மெல்லிய கோடுதான் தெரிகிறது. கட்டுப் போட்ட பிறகும் வாரந்தோறும் எக்ஸ்ரே எடுக்கச் சொல்கிறார்களே?

பதில்: சரியாகத்தான் சொல்கிறார்கள். இவ்வயதில் மூட்டின் பெரும்பகுதி எக்ஸ்ரேயில் தெரியாத குருத்தெலும்பு. தெரிவதைவிட முறிவு பெரிதாக இருக்கலாம். முன்கைத் தசைகள் அத்துண்டை இழுத்துக்கொண்டே இருப்பதால் கட்டுக்குள்ளும் அது நகரும். விலகல் 2 மில்லிமீட்டரைத் தாண்டினால் கம்பியோ திருகாணியோ கொண்டு நிலைநிறுத்துவோம். மூட்டுப் பரப்பு பிசகியிருந்தால் திறந்து, கண்ணால் பார்த்துப் பொருத்துவதே நல்லது. சேராமல் விட்டால் கை வெளிப்புறமாக வளைந்து, பல ஆண்டுகள் கழித்து அல்நார் நரம்பு செயலிழக்கக்கூடும்.

கேள்வி: ஓராண்டுக்கு முன் முறிந்து சேர்ந்த கை உட்புறம் வளைந்திருக்கிறது. வளர வளரச் சரியாகிவிடுமா?

பதில்: ஆகாது. மேற்கை எலும்பின் நீள வளர்ச்சியில் முழங்கைப் பக்க வளர்ச்சித் தட்டின் பங்கு ஏறத்தாழ 20 விழுக்காடுதான். பக்கவாட்டு வளைவைத் தானே நிமிர்த்திக்கொள்ளும் ஆற்றல் அதற்கு மிகக் குறைவு. மடக்கி நீட்டுவதில் பெரிய குறை இராது என்பதால் அவசரம் இல்லை. தோற்றம் உறுத்தினால், வெளிப்பக்கத்தில் ஆப்பு வடிவில் எலும்பை வெட்டியெடுத்து நேராக்கலாம்.

கேள்வி: கம்பி எடுத்தபின் கை நீளவில்லை. எண்ணெய் தேய்த்து நீவிவிடலாமா?

பதில்: வேண்டவே வேண்டாம். வலிந்து நீவினால் தசைக்குள் எலும்பு படியும் வாய்ப்புண்டு. பிள்ளையை விளையாட விடுங்கள். சில மாதங்களில் கை தானாக நீளும்.