அமெரிக்கச் சின்ன ஊர்க் காதல் நாவல்களில் அப்படி என்னதான் இருக்கிறது? எல்லாம் ஒரே கதைதானே?

ஒரே கதைதான். அதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன், வாதாடி ஜெயிக்க முடியாது.

பெருநகரத்தில் வேலையோ கல்யாணமோ கைவிட்ட ஒரு பெண் காரில் சாமான்களை அடைத்துக்கொண்டு கிளம்புவாள். மலையடிவாரத்திலோ கடலோரத்திலோ இருக்கும் ஏதோ ஓர் ஊரில் பாட்டி அவள் பேருக்கு எழுதிவைத்த பழைய வீடு இருக்கும், இல்லையென்றால் அத்தை நடத்திவந்த கேக் கடை. ஊர் எல்லைப் பலகையில் மக்கள்தொகை எழுதியிருக்கும். நான்கு இலக்கத்தைத் தாண்டாது. அந்தப் பலகைக்குக் கொஞ்சம் முன்னாலோ பின்னாலோ கார் மக்கர் பண்ணும். உதவிக்கு வருகிறவன் தச்சனாகவோ ஷெரீஃபாகவோ மாட்டு டாக்டராகவோ இருப்பான். பார்த்த ஐந்தாவது நிமிஷம் இரண்டு பேருக்கும் வாக்குவாதம். கிண்டிலில் வாசித்தால் கீழே 75 சதவீதம் என்று காட்டும்போது மனசு லேசாகப் பதறும், ஏனென்றால் 80க்குள் ஒரு பெரிய சண்டை வந்து அவள் பெட்டியைக் கட்டுவாள். 95க்குள் திரும்பி வந்துவிடுவாள். வராவிட்டால் அந்தப் புத்தகத்தைக் காதல் நாவல் அலமாரியில் வைக்க மாட்டார்கள். சுபமான முடிவு இந்த வகையின் எழுதப்பட்ட சட்டம்.

இத்தனையும் தெரிந்துதான் பத்து வருஷமாக வாசிக்கிறேன். எனக்கு ஆடிட்டர் ஆபீஸில் வேலை. செப்டம்பர் மாதம் ராத்திரி பதினொரு மணிக்கு வீட்டுக்கு வந்து படுக்கிறவளுக்கு முடிவு தெரியாத கதை எதற்கு? பகல் பூராவும் முடிவு தெரியாத கதைகளைத்தான் கணக்குப் பார்த்திருப்பேன்.

ஆனால் சுபம் மட்டும்தான் காரணம் என்றால் எந்தக் காதல் நாவலும் போதும். கல்லூரி விடுதியில் மில்ஸ் அண்ட் பூன் புத்தகங்கள் கைமாறிக் கைமாறி அட்டை இல்லாமல் வரும். கிரேக்கக் கப்பல் முதலாளி, அவருக்கென்று ஒரு தீவு, கோபித்துக்கொண்டே இருக்கும் அவருடைய செகரட்டரி. அந்தக் கதைகளில் ஆள் என்று பார்த்தால் இரண்டே பேர். மற்றவர்கள் எல்லாம் கதவு திறக்கவும் காபி கொண்டுவரவும் வந்து போவார்கள். பரீட்சை முடிந்ததும் அந்தக் கப்பல் முதலாளிகள் அத்தனை பேரும் ஒரே ஆளாகத்தான் ஞாபகத்தில் நின்றார்கள். சின்ன ஊர் நாவல்களுக்கு வந்த பிறகும் நான் கதாநாயகனுக்காகத்தான் பக்கம் புரட்டுகிறேன் என்று ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். அப்படி இல்லை. ஊருக்காகப் புரட்டியிருக்கிறேன்.

ராபின் கார் எழுதிய ‘வர்ஜின் ரிவர்’ நாவலைச் சொன்னால் விளங்கும். 2007-இல் வந்தது. 2019 கடைசியில் நெட்ஃபிளிக்ஸ் அதைத் தொடராக்கியது, அதைப் பார்த்தவர்கள் இங்கே நிறையப் பேர் இருப்பீர்கள். நான் சொல்வது புத்தகத்தை. மெல் மன்றோ லாஸ் ஏஞ்சலஸில் நர்ஸ், பிரசவம் பார்ப்பவள். அவளுடைய கணவர் டாக்டர். வீட்டுக்கு வரும் வழியில் ஒரு கடைக்குள் நுழைந்தவர், அங்கே நடந்த கொள்ளையில் சிக்கிச் செத்துப்போகிறார். அவளால் அந்த நகரத்தில் இருக்க முடியவில்லை. வட கலிஃபோர்னியாவில் ரெட்வுட் காட்டுக்குள் 600 பேர் வாழும் ஓர் ஊருக்கு நர்ஸ் வேண்டும், தங்குவதற்கு வாடகையில்லா வீடு தரப்படும் என்று விளம்பரம் பார்த்து வருகிறாள். வந்து பார்த்தால் வீடு ஒரே குப்பை. ஊர் டாக்டர் எழுபது வயதுக் கிழவர், உன்னை யார் கூப்பிட்டது என்கிற தோரணை. சரி, காலையில் கிளம்பிவிடலாம் என்று முடிவெடுக்கிறாள். காலையில் டாக்டர் வீட்டு வாசலில் யாரோ விட்டுப்போன பச்சைக்குழந்தை கிடக்கிறது. அப்புறம் எங்கே கிளம்புவது?

இதெல்லாம் கதைக்காரர்கள் எல்லோரும் போடுகிற முடிச்சுதான். என்னைப் பிடித்து நிறுத்தியது வேறு ஒன்று. அந்த டாக்டருக்கு ஊரில் பல பேர் காசு கொடுப்பதில்லை, காய்கறியோ இறைச்சியோ கொண்டுவந்து தருகிறார்கள். அவர் அதைத் தூக்கிக்கொண்டு ஜாக் என்பவர் நடத்தும் பாருக்குப் போகிறார். அங்கே பிரீச்சர் என்று ஒரு சமையல்காரர், ஆஜானுபாகுவான ஆள், வாயைத் திறந்து பேசுவது அபூர்வம். அவர் அதை வாங்கிச் சமைக்கிறார். டாக்டர் அங்கேயே உட்கார்ந்து காசில்லாமல் சாப்பிட்டுவிட்டுப் போகிறார். கணக்கு எழுதிப் பிழைக்கிறவள் என்பதால் அந்த இடத்தை இரண்டு தடவை வாசித்தேன். ரசீது கிடையாது, பேரேடு கிடையாது, யாருக்கு யார் எவ்வளவு பாக்கி என்பது மட்டும் ஊருக்கே தெரியும். இதே ஜாக் யாரும் கேட்காமலே மெல்லின் ஓட்டை வீட்டைச் செப்பனிட்டு வைக்கிறான். கப்பல் முதலாளிகள் வைர நெக்லஸ் கொடுத்தார்கள். இவன் வீட்டைக் கழுவித் தரை போட்டுக் கொடுக்கிறான். எனக்கு எது பெரிது என்று கேட்க வேண்டியதில்லை.

ஊரில் எல்லோருக்கும் எல்லோரைப் பற்றியும் தெரியும். இந்த வகை நாவல்களின் உயிர் இதில்தான் இருக்கிறது. அதனால்தான் எனக்கு இது லேசில் விழுங்க முடியாத மிட்டாய்.

நான் பிறந்தது சங்கரன்கோவில் பக்கம் ஒரு சின்ன ஊர். பிளஸ் டூ படிக்கும்போது ஒரு நாள் பஸ் ஸ்டாண்டில், கூடப் படிக்கிற பையன் பிசிக்ஸ் ரெக்கார்டு நோட்டுக் கேட்டான். கொடுத்தேன். அங்கிருந்து வீட்டுக்குப் பத்து நிமிஷ நடை. நான் போய்ச் சேர்ந்தபோது அப்பா சட்டை போட்டுக்கொண்டு திண்ணையில் உட்கார்ந்திருந்தார். வீட்டில் இருக்கும்போது அப்பா சட்டை போடவே மாட்டார். தையல்கடைக்காரர் சைக்கிளில் எனக்கு முன்னால் வந்து சொல்லிவிட்டுப் போயிருந்தார். அப்பா திட்டவில்லை. அடுத்த ஒரு மாதம் தினமும் சாயங்காலம் பஸ் ஸ்டாண்டில் வந்து நின்றார், அவ்வளவுதான். அந்த நோட்டு திரும்பி வரவில்லை, கேட்கவும் முடியவில்லை. பிராக்டிகலுக்கு முன்னால் மூன்று ராத்திரி உட்கார்ந்து மறுபடியும் முழுசாக எழுதினேன், படங்கள் உட்பட.

இரண்டு வருஷம் கழித்து அம்மாவுக்குத் திருநெல்வேலியில் ஆபரேஷன். அம்மாவுக்குத் துணையாக நான்தான் ஆஸ்பத்திரியில் இருந்தேன். அந்தத் தையல்கடைக்காரர் வீட்டிலிருந்து தினமும் காலையில் முதல் பஸ்ஸில் கண்டக்டர் கையில் ஒரு தூக்குவாளி வரும். ரசஞ்சோறு, பருப்புத் துவையல், ஒரு நாள் அவித்த முட்டைகூட. நான் ஸ்டாப்பில் நின்று வாங்கிக்கொண்டு நேற்றைய வாளியைக் கழுவித் திருப்பிக் கொடுப்பேன். எட்டு நாளும் வந்தது. யாரும் அவரிடம் கேட்கவில்லை.

பஸ் ஸ்டாண்டில் என்னைப் பார்த்த கண்தான் எங்கள் வீட்டு அடுப்பு எரியாததையும் பார்த்தது. சொந்த ஊரில் இரண்டையும் சேர்த்துத்தான் வாங்கிக்கொள்ள வேண்டும். அமெரிக்கச் சின்ன ஊர் நாவல் என்ன செய்கிறதென்றால், தூக்குவாளியை வைத்துக்கொண்டு சைக்கிளைக் கழற்றி எறிந்துவிடுகிறது. வீட்டில் துக்கம் என்றால் பக்கத்து வீட்டுக்காரிகள் ஆளுக்கொரு காஸரோல் பாத்திரத்தோடு வந்து நிற்பார்கள். கோள் சொல்லவும் செய்வார்கள், ஆனால் அது கதாநாயகியையும் கதாநாயகனையும் ஒரே மேஜையில் உட்கார வைப்பதற்காக இருக்கும். இவர்களுக்கு எப்போது கல்யாணம் ஆகும் என்று சாப்பாட்டுக் கடையில் பந்தயம் கட்டுவார்கள். ஊர் வாயை மூட உலைமூடி ஏது என்று எங்கள் ஆச்சி சொல்லுவாள். இந்த நாவல்களில் அந்த வாய் திறந்தே கிடக்கிறது, அதிலிருந்து ஒரு கெட்ட வார்த்தை வருவதில்லை.

பொய்தான். நிஜ அமெரிக்கச் சின்ன ஊர்கள் அப்படி இல்லை என்பது எனக்கும் தெரியும். 600 பேர் உள்ள ஊரில் ஒரு கேக் கடை எப்படி லாபத்தில் ஓடுகிறது என்று எந்த ஆசிரியரும் எனக்கு விளக்கியதில்லை (மாவு, வெண்ணெய், கரன்ட் பில் எல்லாம் போட்டுப் பார்த்திருக்கிறேன், கட்டவில்லை). வெள்ளைக்காரர்களைத் தவிர வேறு மனுஷர்களே இல்லாத ஊர்களைத்தான் ரொம்ப காலம் எழுதினார்கள். இப்போதுதான் கொஞ்சம் மாறிவருகிறது. ‘வர்ஜின் ரிவர்’ நடக்கும் ஹம்போல்ட் கவுண்டி கஞ்சா விளைச்சலுக்குப் பேர்போன இடம். காட்டுக்குள் திருட்டுத்தனமாகப் பயிரிடுகிறவர்களை அந்த நாவலே காட்டுகிறது, அந்த மட்டும் நேர்மை. 2010க்குப் பிறகு அமெரிக்கக் கிராமப்புறங்களில் நூற்றுக்கும் மேற்பட்ட ஆஸ்பத்திரிகள் மூடப்பட்டிருக்கின்றன. மூடாத பல இடங்களிலும் பிரசவ வார்டை எடுத்துவிட்டார்கள். இடுப்புவலியோடு ஒரு மணி நேரம் காரில் போக வேண்டிய ஊர்கள் இருக்கின்றன. அப்படிப்பட்ட நாட்டில், விளம்பரம் கொடுத்தவுடன் காட்டுக்குள் பிரசவம் பார்க்க ஒரு நர்ஸ் வந்து இறங்குகிறாள் என்று எழுதினால் அது எவ்வளவு பெரிய ஆசை என்று யோசித்துப் பாருங்கள். காதல்கூட இரண்டாம்பட்சம்.

அந்த ஆசை வாசகர்களைக் காரில் ஏற்றி அனுப்புகிற அளவுக்குப் போயிருக்கிறது. டெபி மகோம்பர் 2001-இல் ‘சீடர் கோவ்’ வரிசையைத் தொடங்கினார். ஒவ்வொரு புத்தகத்தின் தலைப்பும் அந்தக் கற்பனை ஊரில் ஒரு வீட்டு விலாசம். முதல் தலைப்பு ‘16 லைட்ஹவுஸ் ரோடு’. அதில் ஒரு குடும்ப நீதிபதியம்மா, விவாகரத்துக் கேட்டு வந்த இளம் ஜோடிக்கு விவாகரத்துத் தர மறுக்கிறார். எங்கள் ஊர்ப் பஞ்சாயத்து ஞாபகம் வந்து எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது, ஆனாலும் வாசித்து முடித்தேன். ஊருக்கு மாதிரி வாஷிங்டன் மாநிலத்தின் போர்ட் ஆர்ச்சர்ட். 2009-இல் அந்த நிஜ ஊரே கற்பனை ஊரின் பெயரில் திருவிழா நடத்தியது. மேரிலாந்தில் பூன்ஸ்பரோ என்ற சின்ன ஊரில் காதல் நாவலாசிரியை நோரா ராபர்ட்ஸ் ஒரு பழைய கட்டடத்தை வாங்கிச் செப்பனிட்டுக்கொண்டிருந்தபோது 2008-இல் தீப்பிடித்தது. மறுபடி கட்டி 2009-இல் விடுதியாகத் திறந்தார். அறைகளுக்கு, கடைசியில் சேர்ந்து வாழ்ந்த கதைக் காதலர்களின் பெயர்கள். அழுதுகொண்டே செத்தவர்களுக்கு அங்கே அறை கிடையாது. அதற்கப்புறம் அந்த விடுதியைப் புதுப்பிக்கும் மூன்று அண்ணன் தம்பிகளை வைத்து மூன்று நாவல்களும் எழுதிவிட்டார்.

எனக்கு எரிச்சல் தரும் வகையும் உண்டு. நகரத்தில் வேலை பார்ப்பதே ஒரு நோய், ஊருக்குத் திரும்பினால்தான் குணமாகும் என்று பாடம் நடத்தும் நாவல்களைப் பாதியில் மூடிவிடுவேன். சென்னையில் என் எதிர் ஃபிளாட்காரரின் பெயர் எனக்குத் தெரியவே நாலு வருஷம் ஆனது, அதுவும் கூரியர்காரர் தவறாக என் வீட்டு மணியை அடித்ததால். அந்த நாலு வருஷ நிம்மதிக்கு நான் விலை கொடுத்திருக்கிறேன். ஊர்த் தூக்குவாளியை நினைத்து ஏங்குகிறவள், ஊருக்கே திரும்பிப்போக வேண்டும் என்று கட்டாயமில்லை.

அம்மா ஊரில்தான் இருக்கிறாள். ராத்திரி போனில் பேச விஷயம் தீர்ந்துபோன ஒரு நாள், மெல் மன்றோ கதையைச் சொல்ல ஆரம்பித்தேன். நாலு நாள் ஓடியது. புருஷன் செத்த இடத்தில் “அய்யோ பாவம்” என்றாள். குழந்தை கிடந்த இடத்தில் டி.வி. சத்தத்தைக் குறைத்தாள். ஜாக்கும் மெல்லும் சேர்ந்த அன்றைக்கு நான் முடித்துவிட்டு, எப்படி என்றேன். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை.

“ஏட்டி, புருஷன் போய் வருஷம் ஒண்ணுகூட சரியா ஆகல. அந்த ஊர்ல ஒருத்தரும் ஒண்ணும் சொல்லலையா?”

“சொல்லலம்மா.”

“அவிய என்ன ஆளு, இவிய என்ன ஆளுன்னு?”

“யாரும் கேக்கல.”

“ம்.” அந்த ‘ம்’மில் நம்பவில்லை என்பதும் இருந்தது, நம்பினால் நன்றாக இருக்கும் என்பதும் இருந்தது. அடுத்த வாரம் அவளே போன் பண்ணினாள். மாத்திரை, ரேஷன், பக்கத்து வீட்டு விசேஷம் எல்லாம் பேசி முடித்து, வைக்கப்போகிற நேரத்தில் கேட்டாள்: “அந்தச் சமையக்காரருக்கு யாரும் கெடைக்கலையா?”

கிடைத்தாள். இரண்டாவது புத்தகமே அவருடைய கதைதான். மழை ராத்திரியில், அடிக்கிற புருஷனிடமிருந்து தப்பி, மூன்று வயதுப் பையனைத் தூக்கிக்கொண்டு ஒருத்தி பார் கதவைத் தட்டுகிறாள். அதை இன்றைக்கு ராத்திரி ஆரம்பிக்க வேண்டும்.