ஐந்தே நாளில் திருப்பி அனுப்பிவிட்டார்கள்

கேள்வி: என் மாமியாருக்கு 76 வயது. மூன்று வருடமாக மறதி நோய். கடந்த ஆறு வாரமாகக் குளிக்கக் கூப்பிட்டால் அடிக்கிறார், கடிக்கிறார். இரவில் கதவைத் திறந்துகொண்டு தெருவுக்குப் போய்விடுகிறார். முதியோர் இல்லம் ஒன்றில் சேர்த்தோம். ஐந்தே நாளில் ‘எங்களால் முடியாது’ என்று அனுப்பிவிட்டார்கள். இவரை எங்கே சேர்ப்பது?
- வாசகி, மதுரை

பதில்: இடம் தேடுமுன் அவரை மருத்துவரிடம் காட்டுங்கள். ஆறு வாரத்தில் குணம் இப்படி மாறினால், மறதி நோய் முற்றிவிட்டது என்று விட்டுவிடக் கூடாது. சிறுநீர்த் தொற்று, மலச்சிக்கல், பல்வலி, சோடியம் குறைவு என எதுவும் காரணமாக இருக்கலாம். சளிக்கும் தூக்கத்துக்கும் கடையில் வாங்கும் சில மாத்திரைகளே குழப்பத்தைக் கூட்டும். வலிக்கிறது என்று சொல்ல வார்த்தை வராதவர் கையைத்தான் ஓங்குவார். சிறுநீர், சர்க்கரை, சோடியம், தைராய்டு, பி12 பரிசோதனைகளை இந்த வாரமே செய்துவிடுங்கள்.

கூடவே இரண்டு வாரம் ஒரு நோட்டில் எழுதிவாருங்கள்: எத்தனை மணிக்கு அடித்தார், அதற்கு முன் என்ன நடந்தது, எதனால் அடங்கினார். தண்ணீர் சில்லென்றிருந்ததா, தலையில் ஊற்றியதும் பயந்தாரா, ஆண் உதவியாளர் தொட்டாரா என்பதெல்லாம் அதில் தெரிந்துவிடும்.

அந்த நோட்டின் நகலை இல்லத்தாரிடம் முதல் நாளே கொடுத்துவிடுங்கள். இடம் கிடைக்காதோ என்று பயந்து, அடிப்பதையும் வெளியே போவதையும் பலர் மறைக்கிறார்கள். மறைத்துச் சேர்த்தால் முதல் இரவே தெரிந்துவிடும். ஆள் போதாத இல்லம் வேறு வழியின்றித் திருப்பி அனுப்பும். ஒவ்வொரு இடமாற்றமும் அவரை இன்னும் கலங்கடிக்கும்.

பல முதியோர் இல்லங்கள் தன் வேலையைத் தானே பார்த்துக்கொள்பவர்களுக்கானவை. உங்களுக்கு வேண்டியது மறதி நோய்க்கென்று தனிப் பிரிவு உள்ள இடம். மூத்த குடிமக்கள் உதவி எண் 14567, கட்டணம் கிடையாது. சென்னையில் ஸ்கார்ஃப் என்ற மனநலத் தொண்டு நிறுவனம் நடத்தும் டெம்கேர்ஸ் என்ற மறதி நோய்ச் சேவையிலும், மறதி நோயாளிகளுக்கான ஏ.ஆர்.டி.எஸ்.ஐ. அமைப்பின் சென்னைக் கிளையிலும் விசாரிக்கலாம்.

பார்க்கப் போகும்போது மாலை ஐந்திலிருந்து ஏழுக்குள் போங்கள். இந்நோயாளிகள் பலருக்குப் படபடப்பு கூடும் நேரம் அது. இல்லத்தின் தரமும் அப்போதுதான் தெரியும். யாராவது துணியால் நாற்காலியில் கட்டப்பட்டிருந்தால் அங்கிருந்து கிளம்பிவிடுங்கள். இரவில் எத்தனை பேருக்கு எத்தனை ஊழியர், வாசல் எப்படிப் பூட்டப்படுகிறது என்று கேளுங்கள். முக்கியமான கேள்வி: ‘குளிக்க மறுத்தால் என்ன செய்வீர்கள்?’ ‘விட்டுவிட்டு அரைமணி கழித்து வேறொருவர் போய்ப் பேசுவார், அன்றைக்கு ஈரத்துணியால் துடைத்துவிடுவோம்’ என்றால் நம்பலாம். ‘ஊசி போட்டால் அடங்கிவிடுவார்’ என்றால் வேண்டவே வேண்டாம்.

மருந்தே கூடாது என்பதில்லை. ஆனால் ஆவேசத்தை அடக்கக் கொடுக்கும் ரிஸ்பெரிடோன், குவெட்டியாபின் போன்ற மனநோய் மருந்துகள் மறதி நோயுள்ள முதியோருக்கு மரண அபாயத்தைக் கூட்டுவதாக அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2005இல் எச்சரித்தது. குறைந்த அளவில், குறுகிய காலத்துக்கு, மருத்துவரின் மறுபார்வையோடுதான் கொடுக்க வேண்டும். மறதி நோயில் லூயி பாடி என்றொரு வகை உண்டு; அதுவாக இருந்தால் இதே போன்ற மருந்தான ஹாலோபெரிடால் உடம்பை விறைக்கச் செய்துவிடும். எந்த வகை நோய் என்பதை மருத்துவரிடம் எழுதி வாங்குங்கள்.

வீட்டில் வைத்துச் சமாளிக்கவே முடியாத கட்டம் வந்தால், 2017 மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 89ஆம் பிரிவின்படி, அவருடைய நியமனப் பிரதிநிதி (சிகிச்சை விஷயத்தில் அவருக்குத் துணை நிற்கச் சட்டப்படி பொறுப்புள்ளவர்) விண்ணப்பித்து மனநலப் பிரிவில் 30 நாள் வரை அனுமதிக்க வழியுண்டு. அங்கே மருந்தைச் சரிசெய்துகொண்டு இல்லத்துக்குப் போனால் ஏற்பது எளிது.

கையெழுத்திடுமுன் டெபாசிட் திரும்பும் விதி, டயப்பருக்கும் தனி உதவியாளருக்கும் கூடுதல் கட்டணம், திருப்பி அனுப்புவதானால் எத்தனை நாள் அவகாசம் என்பவற்றை ஒப்பந்தத்தில் எழுதச் சொல்லுங்கள். முதல் மாதத்தைச் சோதனை மாதமாகக் கேட்டுப்பாருங்கள். சேர்க்கும் நாளில் அவர் வழக்கமாகப் போர்த்தும் போர்வை, சாமி படம், எந்தப் பெயரில் கூப்பிட்டால் திரும்பிப் பார்ப்பார் என்று எழுதிய தாள் மூன்றும் கூடவே போகட்டும்.