டாக்டரிடம் கேளுங்கள்: 190-ஆ, 150-ஆ?

கேள்வி: டாக்டர் ஐயா, எங்கள் நாய் ஜிம்மிக்கு 11 வயது, பொமரேனியன். இதயத்தில் மைட்ரல் வால்வு கசிகிறதாம். வேலூரில் பி.பி. பார்த்தபோது மேல் அளவு 190 வந்தது. அரை மணி நேரம் கழித்து 150. எதை நம்புவது? வீட்டில் என் கணவரின் பி.பி. மெஷினிலேயே பார்க்கலாமா?
- ஒரு வாசகி, குடியாத்தம்

பதில்: 190-ஐ மறந்துவிடுங்கள் அம்மா. குடியாத்தத்திலிருந்து காட்பாடி வழியாக ஆட்டோவில் குலுங்கி வந்து, பக்கத்து பெஞ்சில் ஒரு ராஜபாளையம் உறுமிக்கொண்டிருந்தால் எனக்கே 190 காட்டும்! நாய் அமைதியான அறையில், உங்கள் மடியில், ஐந்து பத்து நிமிடம் படுத்திருக்க வேண்டும். முதல் அளவைத் தள்ளிவிட்டு, அடுத்து ஐந்தாறு முறை பார்த்துச் சராசரி எடுப்போம். ரத்த ஓட்டத்தைச் சத்தமாகக் கேட்கவைக்கும் என் டாப்ளர் கருவியின் 'ஸ்ஸ்' சத்தத்துக்கே ஒரு டாஷ்ஹண்ட் நாய் மேஜையை விட்டுக் குதித்தது. அன்றிலிருந்து நான் ஹெட்போன் மாட்டிக்கொள்கிறேன்.

கணவரின் மெஷின் வேண்டாம். கையில் கட்டும் அந்தப் பட்டையின் அகலம், கட்டும் இடத்துச் சுற்றளவில் சுமார் 40 சதவீதம் இருக்க வேண்டும். ஜிம்மியின் முன்னங்கால் 10 செ.மீ. என்றால் 4 செ.மீ. பட்டை. பட்டை குறுகினால் அளவு கூடும், அகன்றால் குறையும். மனிதப் பட்டையை அதன் காலில் சுற்றினால் போர்வை போர்த்திய மாதிரிதான்.

சரி, வால்வு கசிவுக்கு பி.பி. எதற்கு? மைட்ரல் வால்வு என்பது இதயத்தின் இடப்பக்க மேல் அறைக்கும் கீழ் அறைக்கும் நடுவே உள்ள கதவு. ஓட்டை விழுந்த ஓஸ் குழாயின் வாயை விரலால் அழுத்திப் பாருங்கள். தண்ணீர் ஓட்டை வழியே பீய்ச்சும். தமனியில் அழுத்தம் ஏறினால் ரத்தமும் அப்படித்தான் கசிவு வழியே பின்னால் போகும். நிதானமாக இருக்கும்போதும் 160-க்கு மேலேயே நின்றால் சிறுநீரகத்தையும் சோதிக்கச் சொல்வேன். வயதான நாய்க்குப் பெரும்பாலும் வேறொரு நோய்தான் பி.பி.யை ஏற்றும். எனலாப்ரில் என்ற இதய மாத்திரையோ நீர் மாத்திரையோ கொடுக்கும்போது அழுத்தம் அதிகம் இறங்குகிறதா என்றும் பார்க்க வேண்டும். ஜிம்மியின் 150 இப்போதைக்குப் பயப்படும் அளவல்ல. இன்னொரு நாள் அதே காலில், அதே பட்டையில் பாருங்கள். எந்தக் கால், எந்தப் பட்டை என்று சீட்டில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். பலர் இதை எழுதுவதில்லை.

வீட்டில் நீங்கள் எண்ண வேண்டியது மூச்சை. ஜிம்மி நன்றாகத் தூங்கும்போது நெஞ்சு ஏறி இறங்குவதை ஒரு நிமிடம் எண்ணுங்கள். 30-ஐத் தாண்டியே இருந்தால் பி.பி. பார்க்கும் நாள் வரை காத்திராமல் உடனே கூட்டிப் போங்கள்.