அகலிகையை எனக்கு முன்பே எழுதிவிட்டார்கள்

கேள்வி: சீதை தீக்குளித்ததைக் கேள்விப்பட்டு அகலிகை மீண்டும் கல்லாகிவிடுவதாக ஒரு சிறுகதை எழுதி, ஆறு மாதமாகத் திருத்தி வந்தேன். படித்த தோழி, "இது புதுமைப்பித்தனின் 'சாப விமோசனம்' ஆயிற்றே" என்றாள். சத்தியமாக நான் அதைப் படித்ததில்லை. திருட்டு என்பார்களோ என்று பயமாக இருக்கிறது; கிழித்துவிடலாமா? கதையை இணைத்திருக்கிறேன்.
– ஒரு வாசகி, கும்பகோணம்

பதில்: கிழித்துவிடாதீர்கள். கல்லாய்க் கிடந்த ஒருத்திக்கு உயிர் தந்தவனே இன்னொருத்தியைத் தீயில் இறங்க விட்டான் என்பது, ராமகதையை ஊன்றிப் படிக்கும் எவரையும் உறுத்தக்கூடியது. அந்த உறுத்தல் உங்களுக்கும் தானாகவே எழுந்தது என்பதை நான் முழுமையாக நம்புகிறேன். புதுமைப்பித்தனே 1934இல் 'அகல்யை'யை எழுதிவிட்டு, ஒன்பது ஆண்டுகள் கழித்து அதே பெண்ணிடம் திரும்பி வந்துதான் 'சாப விமோசன'த்தை எழுதினார். உங்கள் ஊர்க்காரரான எழுத்தாளர் எம்.வி. வெங்கட்ராமும் அகலிகையை விட்டுவைக்கவில்லை.

பயத்தில் 'சாப விமோசன'த்தைப் படிக்காமல் தள்ளிப்போட வேண்டாம், இன்றே படியுங்கள். அவர் கேட்டார், நான் செய்தேன் என்று சீதை அமைதியாகச் சொல்ல, "அவன் கேட்டானா?" என்று அகலிகை அலறும் இடத்தில் சற்று நின்று, உங்கள் கதையில் இருவரும் பேசிக்கொள்ளும் பகுதியை அதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். புதுமைப்பித்தன் ஒரே கேள்வியில் முடித்ததை நீங்கள் இரண்டு பக்கம் விளக்கியிருக்கிறீர்கள். வருத்தமாக இருந்தாலும் அந்தப் பகுதியை எடுத்துவிடுவதே நல்லது.

ஆனால் ஆசிரமத்துக்குப் பூப்பறித்துத் தரும் சிறுமி, மறுநாள் விடியலில் கூடையோடு வந்து, நேற்றுவரை தன் தலையை வாரிவிட்ட கை கல்லாகக் கிடப்பதைத் தொட்டுப் பார்க்கிறாளே, அவள் எனக்குத் தெரிந்து வேறு எவர் கதையிலும் இல்லை. நீங்களோ அவளுக்குக் கடைசி நான்கு வரிகளை மட்டுமே கொடுத்திருக்கிறீர்கள். கதையை அவளிடமிருந்து தொடங்குங்கள்.

திருட்டு என்ற அச்சம் வேண்டாம். தம் நாடகத்தைத் திரைப்படமாக்கிவிட்டார்கள் என்று ஆர்.ஜி. ஆனந்த் தொடுத்த வழக்கில், கருவுக்குப் பதிப்புரிமை கிடையாது, அது சொல்லப்பட்ட வடிவத்துக்கே உண்டு என்று உச்ச நீதிமன்றம் 1978இல் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. ஆயினும் பத்திரிகைக்கு அனுப்பும்போது, 'சாப விமோசன'த்தைப் பின்னர் படித்ததை ஆசிரியருக்கு ஒரு வரியில் தெரிவித்துவிடுங்கள்.

திருத்தி எழுதியதும் எனக்கும் ஒரு படி அனுப்புங்கள். அந்தச் சிறுமி பூக்கூடையை எங்கே இறக்கி வைத்தாள் என்று அறியக் காத்திருக்கிறேன்.