இரசாயனவியலா, உயிரியலா: கிளிநொச்சித் தந்தை ஒருவருக்கு மறுமொழி

மதிப்பிற்குரிய ஐயா,

உயர்தர உயிரியல் பிரிவில் படிக்கும் உங்கள் மகளிடம், சேதன இரசாயனம் (காபன் சேர்வைகளைப் பற்றிய இரசாயனம்) அறியாதவருக்கு உயிரின் இயக்கம் விளங்காது என்று ஓர் ஆசிரியரும், குடுவைக்குள் நடப்பதை வைத்து உடலை அளக்க முடியாது என்று மற்றோர் ஆசிரியரும் சொன்னதாகவும், எதைத் தெரிவது என்று பிள்ளை குழம்பியிருப்பதாகவும் எழுதியிருந்தீர்கள். இருவரும் அக்கறையோடுதான் பேசியிருக்கிறார்கள். ஆனால் அது அவர்களுக்கு முன்பே தொடங்கிய பழைய வழக்கு.

அதை விளங்கிக்கொள்ள உங்கள் வளவுப் பனையே போதும். சாறு வடியும் முட்டியின் உட்புறம் சுண்ணாம்பு பூசினால் நொதிக்காத இனிப்பான கருப்பணி கிடைக்கும், பூசாவிட்டால் நொதித்த கள். சீனிச்சாறு இப்படி நொதிப்பது ஏன் என்பதில்தான் பெரியவர்கள் முரண்பட்டார்கள். ஜேர்மன் இரசாயனவியலாளர் லீபிக் அதை இரசாயனச் சிதைவு என்றார். இரசாயனம் பயின்றே ஆய்வுக்கு வந்த பாஸ்ச்சர், மதுவம் (ஈஸ்ட்) என்ற நுண்ணுயிர் உயிரோடு இல்லாமல் அது நடவாது என்று 1857 முதல் வாதிட்டார். இருவரும் மறைந்த பின்னர், 1897இல் புக்னர் மதுவத்தை மணலோடு அரைத்துப் பிழிந்தெடுத்த, உயிருள்ள கலம் எதுவுமற்ற சாறும் சீனியை அற்ககோலாகவும் காபனீரொட்சைட்டாகவும் மாற்றுவதைக் காட்டினார்; 1907இல் இரசாயனத்துக்கான நோபல் பரிசு அவருக்குக் கிடைத்தது. அந்தச் சாற்றில் வேலைசெய்தது நொதியம் என்ற பொருள். நொதியத்தை ஆக்குவது உயிருள்ள கலம், நொதியம் செய்வதோ இரசாயனத் தாக்கம் என்பதால், லீபிக், பாஸ்ச்சர் இருவர் பக்கமும் பாதி உண்மை இருந்தது.

இன்றைய பிணக்கிலும் நியாயம் உண்டு. போத்தலில் உள்ள சேர்வை தூயதா என்று பாராமலே உயிரியலாளர் முடிவு எழுதுகிறார் என்பது ஒரு பக்கத்தின் முறைப்பாடு. ஆய்வுகூடத் தட்டில் வேலைசெய்த சேர்வை ஈரலைக் கடந்த பின்னும் அப்படியே இருக்குமா என்று இரசாயனவியலாளர் யோசிப்பதில்லை என்பது மறுபக்கத்தின் முறைப்பாடு. வவுனியா மாவட்டத்திலும் காணப்படும் காரணம் உறுதியாகாத சிறுநீரக நோயை எண்ணிப் பாருங்கள். கிணற்று நீரிலும் விவசாய இரசாயனங்களிலும் என்ன இருக்கிறது என்று பகுப்பவரும், அது சிறுநீரகத்தில் என்ன செய்கிறது என்று பார்ப்பவரும் ஒருவர் சொல்வதை மற்றவர் விளங்கிக்கொள்ளாவிட்டால், நோயாளிக்கு விடை கிடைக்காது. இரண்டு மொழியும் தெரிந்த பிள்ளைகள் எங்கள் வன்னிக்கு வேண்டும் என்று நான் மனமார நம்புகிறேன்.

ஆகவே சேதன இரசாயனத்தில் புள்ளி குறைந்ததற்காக அதை வெறுத்து ஒதுக்க விடாதீர்கள். தாக்கங்களை மனப்பாடம் செய்வதை நிறுத்தி, இலத்திரன் சோடி எங்கிருந்து எங்கே போகிறது என்று நாளும் அரைமணி நேரம் கையால் வரைந்து பார்க்கட்டும். யாழ்ப்பாணப் பல்கலைக்கழக விஞ்ஞான பீடத்தில் இரசாயனவியல், தாவரவியல், விலங்கியல் ஆகிய துறைகள் உண்டு. கிளிநொச்சி அறிவியல் நகரிலுள்ள அதன் விவசாய பீடத்தில் மண்ணும் பயிரும் மருந்தும் ஒன்றாகவே படிக்கப்படுகின்றன. விண்ணப்பத்தில் கற்கைநெறிகளை வரிசைப்படுத்துமுன், கடைசி இரண்டு தவணைப் பரீட்சை விடைத்தாள்களுடன் மகளை அழைத்து வாருங்கள்.